இருமல் நோட்டு

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு சூப்பர்வைசரின் தொண்டையில் இருமல் வந்து நின்றது. அதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா? இருமுகிறவர்களின் பெயரை எழுதும் நோட்டே அவர் கையில்தான் இருந்தது.

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளியின் புதுச் சட்டம் அது. நோய்க் காலத்தில் யார் இருமினாலும் பெயர் நோட்டில் ஏறும். பதினான்கு நாள் வீட்டில் கிடக்க வேண்டும், சம்பளம் கிடையாது. சூப்பர்வைசரின் மனைவிக்குப் போன மாதமே வேலை போய்விட்டது. இவர் சம்பளமும் நின்றால் வீட்டில் நாலு வயிறு காயும்.

அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வெடித்து வந்ததைப் பாதியில் பிடித்து "ஹஹ்ஹஹ்ஹா" என்று சிரிப்பாக மாற்றிவிட்டார். மாஸ்க்குக்குள் நடப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

"என்ன சார், தனியா சிரிக்கிறீங்க?" என்றார் பசை தடவும் பெரியவர். எல்லாருக்கும் அவர் பசை அண்ணன்.

"ஒண்ணுமில்லண்ணே. முதலாளி போன்ல பேசும்போதுகூட மாஸ்க் போட்டுக்கிறாராம். நம்ம குரல் வழியா கிருமி வந்துடுமாம்!"

கூடமே குலுங்கியது. பசை அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜைமேல் சாய்ந்துவிட்டார்.

மதியம் இன்னொரு இருமல், இன்னொரு ஜோக். புதன்கிழமை சரக்கு தீர்ந்துபோய், பள்ளிக்கூடத்தில் கேட்ட யானை எறும்பு ஜோக்கை எடுத்துவிட்டார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வர வர.

"நான் இவ்வளவு தமாஷான ஆளுன்னு எனக்கே தெரியாதுடி," என்றார் வீட்டில்.

"பதினெட்டு வருஷமா எனக்கும் தெரியலையே," என்றாள் மனைவி.

வியாழக்கிழமை முதலாளி கேமராவில் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"பிரமாதம்! பக்கத்து செக்‌ஷனையும் கூட்டி வந்து உட்கார வைங்க. ஜன்னலைச் சாத்துங்க, சத்தம் வெளியே போகக்கூடாது. தினம் கால் மணி நேரம் சிரிப்பு. எதிர்ப்பு சக்திக்கு நல்லது."

"சார், மாஸ்க்கெல்லாம் கிழிஞ்சுபோச்சு, புதுசு கேக்கறாங்க..."

"சந்தோஷமா இருக்கிறவங்களுக்கு எதுக்குய்யா புதுசு?"

அறுபது பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்து சிரித்தார்கள். சூப்பர்வைசர் நோட்டை எடுத்தார். நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை. பேனாவைத் திறந்தார். பிள்ளைகள் முகம் கண்முன் வந்தது. மூடிவிட்டார்.

சனிக்கிழமை பசை அண்ணன் வரவில்லை. திங்கட்கிழமை செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். வீட்டாருக்கு முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லையாம்.

சூப்பர்வைசர் உடைந்துபோனார். நோட்டின் முதல் பக்கத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கூட்டிப் பெருக்கும் அம்மா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன சார் ஆச்சு?"

"நான் பாவிம்மா! அது சிரிப்பே இல்ல. என் இருமலை மறைக்கத்தான் தினம் ஜோக் சொன்னேன். பாவம், அந்த மனுஷன் வெள்ளந்தியா விழுந்து விழுந்து சிரிச்சாரே, அவரை நானே கொன்னுட்டேனே!"

அவள் தன் கிழிந்த மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"யாரு சார் சிரிச்சா? நீங்க எப்படா ஜோக் சொல்வீங்க, எப்படா இருமலாம்னு எல்லாரும் காத்துக்கிட்டில்ல கிடந்தோம்!"