பால்மாப் பேணிக்குள் பாரசீக ராசா

மின்வேலி போட்டும் மறிக்க முடியாத உயிர் வன்னியிலே இரண்டு. ஒன்று யானை. மற்றது பழங்காசு சேர்க்கிற மனிசர். யானையாவது பொழுதுபட்டால்தான் வரும், வெடி கொளுத்தினால் திரும்பிப் போகும். இவர் பட்டப்பகலில் வெள்ளைச் சேட்டுப் போட்டு, சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, "ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டுக்கொண்டே வந்து கதிரையில் இருந்துவிடுவார். இவரைத் திருப்பி அனுப்புகிற வெடி இன்னும் கடைக்கு வரவில்லை.

இந்த இனத்திலே சின்னது பெரியது உண்டு. வெள்ளைக்காரன் காலத்துச் செப்புச் சதம் சேர்க்கிறவர் அடிவகுப்பு. அவரோடு பேசித் தப்பலாம். "எனக்குப் பாரசீக வெள்ளி மட்டும்தான்" என்கிறவர் இருக்கிறாரே, அவர்தான் உச்சிக் கொப்பிலே இருக்கிறவர். அந்தக் காலத்தில் மன்னார்க் கரைக்குப் பாரசீகக் கப்பல் வந்து போனதாம். அந்தக் கப்பலில் இருந்து இறங்கினவர்கள் இவருடைய கையிலே பத்திரமாகத் தந்துவிட்டுப் போன மாதிரித்தான் கதை இருக்கும்.

எங்கள் உருத்திரபுரத்தில், என் வேலிக்கு அடுத்த வேலியில், அப்படி ஒருவர் இருக்கிறார். யோகலிங்கம். அரசாங்கக் கந்தோர் வேலையில் இருந்து இளைப்பாறி, இப்போது வயல் செய்கிறார் என்று சொல்லுகிறார். வயலைச் செய்கிறது அவருடைய பெண்சாதி இரஞ்சிதம். உழவு மிசினுக்குப் பின்னால் இவர் நடக்கிறது பயிருக்காக இல்லை. கலப்பை மண்ணைப் பிரட்டுகிற இடத்தில் எந்த ராசாவாவது தலையைத் தூக்குகிறாரோ என்று பார்க்கத்தான்.

அடையாளம் சொல்லுகிறேன், கேளுங்கள். இடது பக்கத்துச் சேட்டுப் பை எப்போதும் கொஞ்சம் தொங்கும். தேத்தண்ணி கொடுத்தால் "வையுங்கோ அக்கா" என்பார், குடிக்கமாட்டார். வாய்க்காலில் தண்ணி திறந்தாச்சோ, பயிருக்குப் பூச்சி விழுந்துட்டுதோ, கொழும்புக்குப் போன பெடியன் கடிதம் போட்டானோ, மூட்டு நோவுக்கு அந்த எண்ணெய் கேட்டுதோ என்று ஒரு சுற்று விசாரிப்பார். நீங்கள் பாவம் மூட்டு நோவைப் பற்றி வாய் திறக்கிற நேரம் பார்த்து, பையில் இருந்து மடித்த லேஞ்சித் துணி ஒன்றை எடுத்து, லேஞ்சிக்குள் இருந்து பஞ்சை எடுத்து, பஞ்சுக்குள் இருந்து, பிறந்த பிள்ளையைத் தாதி தூக்கிக் காட்டுகிற மாதிரி ஒரு கறுத்த தகட்டை எடுத்து நீட்டுவார். அதோடு உங்கள் மூட்டு சுகமாகிவிட்டது. அதைப் பற்றி இனி ஒருவரும் கேட்கப்போவதில்லை.

வாங்கிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினீர்களோ, போச்சு.

"விளிம்பிலை பிடியுங்கோ அக்கா. வியர்வை பட்டால் பழுதாப் போயிடும்."

கடல் தாண்டி வந்து, ஆயிரத்து நானூறு வருசமாக மழையும் வெயிலும் உரமும் கிருமிநாசினியும் பட்ட மண்ணுக்குள்ளே பழுதாகாமல் கிடந்த ராசா, நான் ஒருக்கால் தொட்டால் பழுதாகிவிடுவாராம். இவர் ராசாவோ, இல்லை நேற்று உறை குத்தின தயிரோ?

காசிலே ராசா பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார். சுருட்டைத் தலைமயிர், தாடி, கிரீடத்திலே இரண்டு பறவைச் செட்டை. பெயர் குஸ்ரோவாம். அந்தப் பெயரை யோகலிங்கம் சொல்லுகிறதைக் கேட்டால், பாண் வாங்கக் கடைக்குப் போன தன் மச்சானைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி இருக்கும். மறுபக்கம் பிரட்டினால் நடுவிலே நெருப்பு எரிகிறது, இரண்டு பக்கமும் இரண்டு ஆம்பிளைகள் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஒருத்தராவது விறகைத் தள்ளுகிறாரா, ஊதுகிறாரா? சும்மா நிற்கிறார்கள். பாரசீகத்திலும் குசினிக்குள் ஆம்பிளை வந்தால் இதுதான் நிலைமை என்று அன்றைக்கு விளங்கிக்கொண்டேன்.

சுற்றிவர எழுத்து இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், மழை வரும்போலக் கிடக்கு என்றார். எனக்கும் எழுத்துத் தெரியாது, அது ஊருக்குத் தெரியும். ஆனால் தெரியாததை நான் லேஞ்சியிலே சுற்றிக்கொண்டு வீடு வீடாய்த் திரிவதில்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிற பிள்ளை அதையும் விடாமல் எழுதட்டும்.

காசு பரவாயில்லை, காட்டிவிட்டு மடித்துவிடுவார். முத்திரைக்கல் கையில் இருக்கிற நாளில்தான் ஆபத்து. புளியங்கொட்டை அளவில் ஒரு சிவப்புக் கல், அதிலே செட்டை முளைத்த மாடு ஒன்று வெட்டியிருக்கிறது. பாரசீகத்து வியாபாரி சரக்கு மூட்டையிலே களிமண் அப்பி அதிலே இதைக் குத்துவானாம். அதை வாயால் சொன்னால் எங்களுக்கு விளங்காதா? இல்லை, குத்திக் காட்டவேண்டும். மெதுவாய் இருக்கிற எதைக் கண்டாலும் குத்துவார். ரொட்டிக்குக் குழைத்த மாவில் குத்துவார், ஈரச் சவுக்காரத்தில் குத்துவார், கோயில் சந்தன உருண்டையிலும் ஒருக்கால் குத்தி, ஐயரிடம் பேச்சு வாங்கினார். மாட்டுக்குக் குறி சுடுகிறதை நான் கண்டிருக்கிறேன். மாடு வந்து எங்கள் வீட்டுச் சாமானுக்கெல்லாம் குறி சுட்டது யோகலிங்கத்தின் காலத்தில்தான்.

இதெல்லாம் இருக்கிற இடம் பால்மா அடைத்து வந்த ஒரு பழைய தகரப் பேணி. அலுமாரி இருக்கிறது, பூட்டு இருக்கிறது, ஆனாலும் பேணிதான். அதற்குக் காரணம் உண்டு. ஊரே எழும்பி ஓடின காலத்தில் ஒருத்தி அம்மியைத் தூக்கினாள், ஒருத்தர் கோழியைத் தூக்கினார், இவர் அந்தப் பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த சனம், பாவம் கைப்பிள்ளைக்காரன் போல என்று வழி விட்டது. செட்டிகுளத்து முகாமில் மகள் யதுர்ஷிகா, அப்போது எட்டு வயது, ஒரு கரண்டி பால்மா அள்ளலாம் என்று பேணிக்குள் கையை விட்டாள். கையோடு வந்தது குஸ்ரோ. உள்ளே இருப்பது என்னவென்று இரஞ்சிதத்துக்கே அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அவள் பேசத் தொடங்கினாள். இன்னும் முடிக்கவில்லை.

"உங்களுக்குப் பிறகு இது ஆருக்கு?" என்று இரஞ்சிதம் கேட்கிறபோதெல்லாம் மனிசருக்கு முகம் செத்துப்போகும். இந்த இனத்துக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான். சாகிறதுக்குப் பயமில்லை, பேணி அநாதையாகிவிடும் என்றுதான் பயம். மூத்தவன் பிரதாபன் கனடாவில். காசின் படம் அனுப்பினால் பெருவிரல் தூக்கின படம் ஒன்று திரும்பி வரும், அவ்வளவுதான். யதுர்ஷிகா, "வேண்டாமப்பா, எனக்கு அந்தப் பேணியைக் கண்டாலே பசிக்குது" என்று சொல்லிவிட்டாள். இரஞ்சிதமோ முடிவே எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் தட்டாரிடம் கொடுத்து உருக்கி, யதுர்ஷிகாவின் கைப்பிள்ளைக்கு, தன் பேரனுக்கு, ஒரு வெள்ளி அரைஞாண் செய்கிறதாம். அதுவும் இவருக்குப் பிறகு இல்லை, இந்த வருசமே.

உருக்குகிறது. அந்தச் சொல்லை யோகலிங்கத்தின் காதில் போட்டுப் பாருங்கள், நீங்கள் அவரையே உலையில் வைத்த மாதிரித் துடிப்பார்.

இனிக் கச்சு முகம்மது நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும், முஸ்லிம் அண்ணரை நாங்கள் நானா என்போம். மாங்குளத்தில் புடவைக்கடை. இடம்பெயர்ந்து போன புத்தளத்தில் இருந்து திரும்பி வந்து கடையைக் கட்டினவர், யோகலிங்கத்துக்கு மூத்தவர், அதே பழங்காசு வருத்தம் பிடித்தவர். ஒரு வியாதிக்காரர் இன்னொரு வியாதிக்காரரைக் கண்டால் சந்தோசப்படத்தானே வேண்டும்? அதுதான் இல்லை. இரண்டு பேரும் சந்தித்தால் நல்ல காசை வீட்டில் ஒளித்துவிட்டு இரண்டாந்தரத்தைத்தான் கொண்டுவருவார்கள். இவர் அவருடைய காசைப் பார்த்து, ராசாவுக்கு மூக்கு நீளம், இது பொய் என்பார். அவர் இவருடைய காசைக் கல்லிலே போட்டு, சத்தம் சரியில்லை, இது ஈயம் என்பார். பிறகு ஒரு மாதம் கதை பேச்சு இல்லை. பிறகு ஒருவர் லேஞ்சியோடு பஸ் ஏறுவார்.

போன மாதம் பேரனுக்குப் பல்லு முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டை அவித்துப் பிள்ளையின் தலையில் கொட்டி, முன்னால் தட்டத்தில் சாமான் பரப்பி, பிள்ளை எதைக் கையில் எடுக்கிறதோ அதுதான் அவனுடைய வழி என்று பார்ப்போமே, அதற்கு நாள் வைத்தார்கள். அங்கேதான் புருசனும் பெண்சாதியும் பந்தயம் பிடித்தார்கள். தட்டத்தில் ஒரு பாரசீகக் காசும் இருக்கும். பேரன் அதைக் கையில் எடுத்தால் பேணி அவனுக்கு, தட்டார் கதை இனி இல்லை. வேறு எதை எடுத்தாலும் பேணி உலைக்கு. தீர்ப்புச் சொல்லுகிறது ஆர்? நானாவைக் கூப்பிடுவோம் என்றாள் இரஞ்சிதம். உங்கட காசெல்லாம் பொய் எண்டு சொல்லுற ஆள், அவர் என்ட பக்கம்தான் தீர்ப்புச் சொல்லுவார் என்று அவள் கணக்கு. யோகலிங்கமும் ஓம் என்றார். மறுத்தால் தன் காசு பொய் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் அல்லவா?

அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், அந்த வீட்டில் நடந்த பள்ளிக்கூடத்தை நான் வேலியால் பார்த்தேன். மனிசர் பாயிலே முட்டுக்காலில் இருந்து, பேரனுக்கு முன்னால் காசை ஆட்டி ஆட்டி, "குஸ்ரோ எங்கை, குஸ்ரோ எங்கை" என்று தாலாட்டுப் படித்தார். பேரன் சிரித்தான். அவன் மின்விசிறியைப் பார்த்தாலும் அப்படித்தான் சிரிப்பான்.

நாள் வந்தது. சனம் கூடியது. வெள்ளைத் துணியைப் பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள், சின்னப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள். நானா சுவரோரம் கதிரையில். தட்டத்தில் கொப்பி, பேனை, நெல்லு, ஒரு போன், இரஞ்சிதத்தின் தங்கக் காப்பு. கிட்டத்தில், கை எட்டுகிற இடத்தில், பஞ்சு விரித்து அதிலே குஸ்ரோ. காசை எடுத்த அவசரத்தில் பேணியைத் தட்டத்துக்குப் பின்னால் அப்படியே விட்டுவிட்டார் யோகலிங்கம்.

பேரன் தவழ்ந்தான். கொப்பியைத் தள்ளினான். காப்பைப் பார்த்தான், காப்பைத் தாண்டினான். குஸ்ரோவுக்கு மேலே முட்டுக்காலை ஊன்றி, ராசாவை ஒரு மிதி மிதித்துக்கொண்டு நேரே போனான். போய்ப் பேணியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தான்.

கொழுக்கட்டை பொறுக்கின பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தியே இரஞ்சிதம்," என்றார் யோகலிங்கம். "ஒரு காசு காணாதாம் அவனுக்கு. முழுப் பேணியும் வேணுமாம்."

"அது பால்மாப் பேணி," என்றாள் இரஞ்சிதம். "பிள்ளைக்குப் பசிக்குது. பந்தயம் தட்டத்திலை இருக்கிறதுக்குத்தான். நானா, நீங்கள் சொல்லுங்கோ."

எல்லோரும் நானாவைப் பார்த்தோம். அவர் வாயிலே இருந்த கொழுக்கட்டையை மென்று விழுங்கினார். அவசரப்படவில்லை. இந்தப் பேணி உருகினால் மாங்குளத்தில் இருந்து கிளிநொச்சி வரைக்கும் பாரசீகத்துக்குத் தனி ராசா அவர்தான் என்பது அவருக்கும் தெரியும், யோகலிங்கத்துக்கும் தெரியும்.

"உருக்க வேண்டாம் தங்கச்சி."

"நீங்கள்தானே நானா எல்லாம் பொய்க்காசு எண்டனீங்கள்?"

"ஓம், பொய்தான். இப்பவும் சொல்றன். ஆனா இது போயிட்டா என்ட காசைப் பொய் எண்டு சொல்ல இந்த வன்னியில ஆர் இருக்கிற? நான் ஆருக்குக் கொண்டுபோய்க் காட்டுற?"

யோகலிங்கம் காசைப் பார்க்கிற கண்ணாலே நானாவைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உங்கட மற்றக் காசும் பொய்தான் நானா," என்றார். நன்றி சொல்ல அந்த இனத்துக்கு வேறு சொல் தெரியாது.

இரஞ்சிதம் தீர்ப்பை ஏற்றாள். ஆனால் பிள்ளையை வெறும் இடுப்போடு விட அவள் ஆயத்தம் இல்லை. பேரன் கையில் இருந்து பேணியை வாங்கி, குசினியில் பாலைக் கரைத்துக் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்துவிட்டு, பேணிக்குள்ளே கையை விட்டுத் துழாவினாள். வளைந்த வெள்ளிக் கம்பி ஒன்றை எடுத்தாள். அதுவும் பாரசீகத்துக் காசுதானாம், பார்த்தால் பெரிய தூண்டில் மாதிரி, முனை மட்டும் மழுங்கல்.

"அது நானூறு வருசப் பழசடி," என்று எழும்பினார் யோகலிங்கம்.

"அப்ப பலமாத்தான் இருக்கும்," என்று அவள் கறுத்தக் கயிற்றிலே அதைக் கோத்துப் பேரனின் இடுப்பில் கட்டிவிட்டாள். தொங்கவிடுகிறதற்கென்றே செய்த மாதிரி அது அழகாய்த் தொங்கியது. கப்பல் ஏறி வந்த பாரசீக வெள்ளி இப்போது ஒரு நாளைக்குப் பல தடவை நனைகிறது. முதல் கிழமை மனிசர் ஒவ்வொரு தடவையும் பஞ்சோடு ஓடினார். இப்போது ஓடுவதில்லை. யாராவது வந்தால் பேரனைத் தூக்கி, சட்டையை உயர்த்திக் காட்டுகிறார். பிள்ளையைத் தொடலாம், ஆனால் கம்பியைத் தொடவிடமாட்டார். பேரனோ அதைக் கையாலே பிடித்து இழுத்து இழுத்துச் சிரிக்கிறான். பேணிக்கு ஆள் வந்துவிட்டது என்று மனிசர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். நான் மறுக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, இடுப்புக் கயிறு இறுகி, அதை அறுத்து எடுக்கிற நாளில், அந்தக் கம்பியை ஆரும் வேண்டாம் என்று விட்டால் என்ன ஆகும், உருத்திரபுரத்துக்கு எந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்று ஒரு கண்வெட்டு நேரம் உங்கள் மனதில் ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுக்காரியிடம் மட்டும் சொல்லிவையுங்கள், குசினியில் ஒரு பேணி குறையப்போகிறது என்று.