பட்டனுக்குப் பதில் பட்டன்

பதினோராவது முறையாக “உட்கார்” என்றார் ஸ்டோர் கீப்பர். நாய் நின்றுகொண்டே இருந்தது. கால் வலி தாங்காமல் கடைசியில் அவர்தான் உட்கார்ந்தார்.

கையில் முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு. உட்கார், படு, நில், வா, தாண்டு, நுழை என்று ஆறே சொற்கள். எதிரே முழங்கால் உயரம்கூட இல்லாத வெள்ளைப் புசுபுசு நாய். பெயர் பட்டன். அது அவரைப் பார்த்து நிதானமாகக் கொட்டாவி விட்டது. பிறகு அவருடைய செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“என்னங்க, உங்களை ஒரு ஆளாவே மதிக்கலையே அது” என்றாள் மனைவி. மருத்துவமனைக்குக் கிளம்பும் அவசரத்திலும் இதைச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

“வந்து மூணு நாள்தானே ஆச்சு. அதுக்குள்ள வீட்டு வழக்கத்தைக் கத்துக்கிச்சு” என்று முனகினார்.

அவர் மெத்தைக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். முதலாளியும் முதலாளியம்மாவும் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார்கள். மூன்று வாரம் பட்டன் இவர் பொறுப்பு. அவர்கள் திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமையே நாய்களுக்கான போட்டி. சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும், தடைகளைத் தாண்டி ஓட வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண்.

“ஒரு வருஷமா வாரா வாரம் டிரைவரோட பயிற்சிப் பள்ளிக்குப் போயிட்டு வர்றான். அவனுக்குத் தெரியாதது இல்லை” என்றிருந்தார் முதலாளி. “மறந்துடாம தினம் அரை மணி நேரம் சொல்லிப் பாருங்க, அது போதும்.”

“வீட்டுல நாங்க அவனை ஒரு வார்த்தை சொல்றதில்லை. பள்ளிக்கூடம் வேற, வீடு வேற” என்று முதலாளியம்மாவும் சேர்த்துக்கொண்டார்.

ஸ்டோர் கீப்பர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்வார்? எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் கிளைக்கு அவரை மாற்றி உத்தரவு வந்திருந்தது. மனைவி தலைமை நர்ஸாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் அங்கே, அவள் இங்கே என்று குடும்பம் நடத்த வேண்டும். உத்தரவை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டதற்கு, “வந்து பாக்கலாம்” என்றார் முதலாளி. சொல்லும்போது அவர் கண் நாயின் மேல் இருந்தது.

முதல் இரண்டு நாள் பட்டன் வீட்டு ஏக்கத்தில் இருந்ததால் பாடம் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அது கிடங்கில் மெஷின் எண்ணெயில் புரண்டது. பயந்துபோய் நாய்களைக் குளிப்பாட்டும் பார்லருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். கழுத்துப்பட்டையைக் கழற்றி, குளிப்பாட்டி, முடியைத் திருத்திக் கொடுத்தார்கள். இன்றுதான் முதல் பாடம்.

வாசல்வரை போன மனைவி திரும்பி வந்தாள். “ஏங்க, பார்லர்ல இதே மாதிரி வெள்ளை நாய் வேற ஏதாவது இருந்துதா?”

“நாலஞ்சு இருந்துது. ஏன்?”

மனைவி கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் மேலே சொல்லத் தேவையில்லை என்று புரிந்துகொண்டாள்.

பத்தாவது நிமிடம் ஸ்டோர் கீப்பர் பார்லரில் இருந்தார்.

“மாத்திக் குடுத்துட்டோமா? நாங்களா?” என்று பார்லர்க்காரப் பெண் கத்தரிக்கோலோடு எழுந்து நின்றாள். “பதினாலு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். என் புருஷனைக்கூடக் கூட்டத்துல விட்டிருக்கேன், ஒரு நாயை விட்டதில்லை.”

கெஞ்சிக் கூத்தாடி முந்தின நாள் வந்தவர்களின் போன் எண்களையும் முகவரிகளையும் வாங்கினார். ஒருவருடைய நாய் பழுப்பு நிறம். இன்னொன்று குட்டி போட்டிருந்த தாய். பெயர் எழுதாமல் அவசரமாக வந்துபோனவர்கள் இரண்டு பேர் உண்டாம், அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மிச்சம் ஒரே ஒரு முகவரி. ஓய்வுபெற்ற ஜெயில் வார்டன் அம்மாவுடையது.

மெத்தை விற்பனையாளர் என்று சொல்லி உள்ளே நுழைந்துவிட்டார். சோபாவில் அதே உயரம், அதே வெள்ளை, அதே மூக்கு. வார்டன் அம்மா கண்ணாடி எடுக்க உள்ளே போன நேரம், “உட்கார்” என்று மெல்லச் சொன்னார்.

நாய் டக்கென்று உட்கார்ந்தது. பக்கத்தில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்த வார்டன் அம்மாவின் கணவரும் உட்கார்ந்தார்.

ஸ்டோர் கீப்பருக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டன் கிடைத்துவிட்டது! உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஆனால் வார்டன் அம்மாவின் தோளைப் பார்த்ததும் அந்தத் தைரியம் போய்விட்டது. மறுநாள் தன்னிடமிருந்த நாயைப் பையில் வைத்துக்கொண்டு, மெத்தை சாம்பிள் காட்டும் சாக்கில் மறுபடி போனார். அவர்கள் மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சோபா நாயைப் பைக்குள் போட்டார், பை நாயைச் சோபாவில் வைத்தார், கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

“நில்” என்றது ஒரு குரல். நாய், கணவர், ஸ்டோர் கீப்பர் மூவரும் நின்றார்கள்.

வார்டன் அம்மா பையைப் பிரித்து நாயின் இடது காதைத் தூக்கிக் காட்டினார். உள்ளே பழைய தையல் தழும்பு. “குட்டியா இருக்கும்போது நானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினேன். இருபத்தெட்டு வருஷம் திருடனுங்களைப் பாத்திருக்கேன். இவ்வளவு வேர்த்து நின்னவனைப் பாத்ததில்லை. உன் நாயை எடுத்துக்கிட்டு ஓடிப் போ.”

ஓடிப் போனார். போகும் வழியெல்லாம் பை நாய் அவர் கையை நக்கிக்கொண்டே வந்தது. அதற்காக அதன்மேல் கோபப்படவும் முடியவில்லை.

“அப்போ நிஜப் பட்டன் பேர் எழுதாம வந்தவங்ககிட்ட போயிருக்கு” என்று மனைவி வீட்டில் தீர்ப்புச் சொன்னாள். “இனி ஒரே வழிதான். இதையே பட்டன் ஆக்கிடுங்க.”

“அது ஒரு வருஷம் படிச்சது. நமக்குப் பதினேழு நாள்தான் இருக்கு!”

“அப்போ இப்பவே ஆரம்பிங்க.”

ஆரம்பித்தார். போன வருடப் போட்டியின் வீடியோவைப் பார்த்துத் தடைகளின் வரிசையை எழுதிக்கொண்டார். கிடங்கின் பின்பக்கம் தலையணைகளை அடுக்கித் தாண்டும் தடை வைத்தார். துடைப்பக் கட்டைகளை நட்டு, இடையில் வளைந்து ஓட வழி செய்தார். ஸ்பாஞ்சுச் சுருளின் நடுவைக் குடைந்தெடுத்து நுழைந்து போகும் குகை ஆக்கினார்.

நாய் குகைக்குள் நுழைந்து தூங்கிவிட்டது.

பிஸ்கெட் காட்டினால் ஓடும் என்றாள் மனைவி. ஓடியது, பிஸ்கெட்டை நோக்கி மட்டும். நான்காம் நாள் எடை கூடி, துடைப்பக் கட்டைகளுக்கு இடையில் மாட்டிக்கொண்டது. பிஸ்கெட்டை நிறுத்தினார். கோபத்தில் அது தலையணைத் தடையைக் கடித்துப் பிய்த்தது. சரி, செய்து காட்டினால் புரியும் என்று அவரே மண்டியிட்டுக் குகைக்குள் நுழைந்தார். பாதியில் வயிறு சிக்கியது. லோடு மேஸ்திரி வந்து காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

“சார், ட்ரான்ஸ்பர் வந்த கவலையில இப்படியெல்லாம் தோணும்” என்றார் மேஸ்திரி. “தைரியமா இருங்க.”

மறுநாள் அவர் கணக்குப் பார்க்க முன்பக்கம் போய்த் திரும்பியபோது குகை இருந்த இடம் காலியாக இருந்தது. நாயும் இல்லை.

“மேஸ்திரி! இங்க ஒரு சுருள் இருந்துதே?”

“ஸ்டாக்கு குறையுதுன்னு ஏத்தி அனுப்பிட்டோம் சார். கிளைக்குப் போற லாரி. இப்பத்தான் கேட்டைத் தாண்டுச்சு.”

ஸ்டோர் கீப்பர் ஸ்கூட்டரில் விரட்டினார். அவரை மாற்றப்போகும் ஊருக்கு அவருக்கு முன்னால் நாய் போய்ச் சேர்ந்துவிடும் போலிருந்தது. நான்காவது சிக்னலில் லாரியை மடக்கி, நாற்பது சுருள்களுக்கு நடுவே ஏறி நின்று, “வா! வா! வாடா என் ராஜா!” என்று கதறினார். நிஜமாகவே கதறினார். அந்த நிமிடம் முதலாளி, போட்டி, மாற்றல் எதுவும் நினைவில் இல்லை. அந்தச் சின்ன உடம்புக்கு மூச்சு முட்டியிருக்குமோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

ஒரு சுருளின் ஓட்டையிலிருந்து வெள்ளைத் தலை எட்டிப் பார்த்தது. வாய் நிறைய மஞ்சள் ஸ்பாஞ்சு. வாலை ஆட்டிக்கொண்டு நேராக அவரிடம் வந்து, துண்டைக் காலடியில் போட்டது. எடுத்து வீசு என்கிற மாதிரி நிமிர்ந்து பார்த்தது.

பிஸ்கெட்டுக்குப் படியாத நாய் ஸ்பாஞ்சுக்குப் படியும் என்று அன்றுதான் தெரிந்தது. மனைவி ஒரு துண்டைத் துணியில் சுற்றி உருண்டையாகத் தைத்துக் கொடுத்தாள். உட்கார்ந்தால் உருண்டை பறக்கும். தாண்டினால் பறக்கும். வளைந்து ஓடி முடித்தால் இரண்டு தடவை பறக்கும். மூன்றாம் நாள் அது சொன்னதும் உட்கார்ந்தது. எட்டாம் நாள் குகைக்குள் நுழைந்து, தூங்காமல் மறுபக்கம் வந்தது. மேஸ்திரி கைதட்டினார். மனைவி டியூட்டி முடிந்ததும் கிடங்குக்கே வந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கினாள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இவ்வளவு சிரித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி தம்பதி விமான நிலையத்திலிருந்து நேராகப் போட்டி மைதானத்துக்கு வந்தார்கள். முதலாளியம்மா நாயைத் தூக்கி, முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இதுல என்னமோ மாறியிருக்கே?”

ஸ்டோர் கீப்பர் முந்திக்கொண்டார். “முடி வெட்டினோம்மா. பார்லர்ல.”

“அதான் பார்த்தேன்” என்றவர் கன்னத்தை நாய் நக்கித் தீர்த்தது. படுபாவி, யாரை எப்படிக் காக்கா பிடிப்பதென்று தெரிந்து வைத்திருக்கிறதே என்று ஸ்டோர் கீப்பர் வியந்துபோனார்.

முதலாளிக்கு விமானத்தில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால் நாயோடு ஓடும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்த வரிசையை முணுமுணுத்துக்கொண்டே மைதானத்தைப் பார்த்தார். தடைகள் வேறு வரிசையில் இருந்தன.

“ஒவ்வொரு தடவையும் மாத்துவோம் சார்” என்றார் நடுவர். “நாய் இல்லாம நீங்க மட்டும் ஒரு சுத்து நடந்து பாத்து ஞாபகம் வெச்சுக்கங்க. அப்புறம், கையில இருக்கற உருண்டையை வெளியே வெச்சுடுங்க. உள்ளே அனுமதி இல்லை.”

உருண்டையும் போயிற்று. வேறு வழியில்லாமல், உள்ளே உருண்டை இருப்பதுபோல் வெறுங்கையை மூடிக்கொண்டு களத்தில் இறங்கினார். உட்கார் என்றார், உட்கார்ந்தது. படு என்றார், படுத்தது. ஓட்டம் தொடங்கியது. மூடிய முஷ்டியை அவர் எந்தப் பக்கம் நீட்டினாரோ அந்தப் பக்கமெல்லாம் நாய் நம்பிக்கையோடு பறந்தது. ஒரே ஒரு கட்டை விழுந்தது. அதையும் தட்டியது ஸ்டோர் கீப்பரின் முழங்கால்தான்.

மூன்றாம் பரிசு.

“பாத்தீங்களா? ஒரு வருஷப் பயிற்சி!” என்று முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டே குதித்தார். “நீங்க எங்கேயும் போக வேண்டாம். அந்த உத்தரவை நாளைக்கே ரத்து பண்றேன். பட்டனைப் பாத்துக்க நீங்க இங்கதான் இருக்கணும்.”

மனைவி எல்லோர் எதிரிலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு மார்பில் ஏற்றியிருந்த நாற்பது சுருளையும் யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. ஆனாலும் நிஜப் பட்டன் எங்கேயோ யார் வீட்டிலோ இருக்கிறதே என்ற உறுத்தல் விடவில்லை. யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். முதலாளியிடம் சொல்லத் துணிச்சல் இல்லை. நாயைக் காரில் ஏற்றக் கதவைத் திறந்து நின்ற முதலாளியின் டிரைவரைத் தனியாக இழுத்துப் போனார்.

“டிரைவர், மனசுல வெச்சுக்க முடியல. இது நம்ம பட்டன் இல்லை.”

டிரைவர் நாயின் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார். “விளையாடாதீங்க சார். இந்தக் கோணல் விரல், நான் கார் கதவுல நசுக்கினது. நம்ம பட்டனேதான் இது.”

“அப்படின்னா முதல் நாள் ‘உட்கார்’னுகூடப் புரியாம ஏன்யா அது முழிச்சுது?”

டிரைவர் முதலாளி நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்டோர் கீப்பரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க என் வயித்துல பாலை வார்த்தீங்க சார். முதல் நாள் கேட்டுல நின்ன பெரிய நாய்ங்களைப் பாத்து இது நடுங்கிப் போச்சு, மனசு கேக்கல, அதுலேர்ந்து ஒரு வருஷமா பயிற்சிப் பள்ளிக்குன்னு கூட்டிட்டுப் போய் நாங்க ரெண்டு பேரும் பார்க்குல படுத்துத் தூங்கிட்டுத்தான் வந்தோம்!”