கதவுக்குப் பின்னால் ஒரு மூச்சு

"டிவியிலயே போடுங்க மாப்ள, எல்லாரும் சேர்ந்து பாக்கலாம்" என்று மாமனார் சொன்னதும் மாப்பிள்ளை ஒயரைத் தேடுவதுபோல நேரம் கடத்தினார்.

அவரும் ஒரு நண்பரும் சேர்ந்து செய்திருந்தது சின்ன வீடியோ கேம். இருட்டு வீடு, நீளமான நடைவழி, கடைசியில் ஒரு பூட்டிய கதவு. பேய் கண்ணிலேயே படாது. அதை வரைய இருவருக்கும் வராது என்பதுதான் உண்மைக் காரணம். கதவுக்குப் பின்னால் அது மூச்சு விடுவது மட்டும் கேட்கும். பயமுறுத்தும் வேலை முழுக்க அந்த மூச்சின் தலையில்தான்.

ஈரத்துணியைப் பிழிந்து பார்த்தார், நாற்காலியை இழுத்துப் பார்த்தார். வராத சத்தம், ஒரு மதியம் மாமனாரின் படுக்கையறையிலிருந்து தானாக வந்தது. "இவர் குறட்டையில எனக்குத் தூக்கமே போச்சு" என்று மாமியார் ஊரெல்லாம் புலம்பும் குறட்டை. மாமனார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மாப்பிள்ளை சாத்தியிருந்த கதவின் இடுக்கில் போனை வைத்துப் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். பேய் தயார்.

அன்றைக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலையை விட்டுவிட்டு வந்து நின்றவரை ஏன் என்று கேட்காமல் மாடி அறையை ஒழித்துக் கொடுத்தவர் மாமனார். பார்க்கிறவர்களிடமெல்லாம் "எங்க மாப்ள கேம் பண்றார்" என்று சொல்லிக்கொள்வார். அவரை நம்பிய ஒரே ஜீவன். அந்த மனிதரையா பேயாக்குவது?

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். ஒன்றுமே கேட்கவில்லை என்று மைத்துனி பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டினாள்.

சின்ன ரிப்பேர் என்று சொல்லி லேப்டாப்பைத் திறந்து மழைச் சத்தத்தை ஏற்றினார். மூச்சு அதில் அமுங்கிவிடும் என்று கணக்கு. மழையோடு சேர்ந்ததும் பேய் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

"ஏங்க, இது யாரோ நல்லா தூங்கற மாதிரி இருக்கே?" என்றாள் மனைவி.

அடையாளம் தெரியாமல் செய்துவிட வேண்டும் என்று வேகத்தை மாற்றப் போனார். அவசரத்தில் அது பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டது. அசல் குறட்டை கூடம் அதிர எழுந்தது.

மைத்துனி விழுந்து விழுந்து சிரித்தாள். நம் வீட்டுக் குறட்டைதானே என்றாள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. முகம் சிவக்க எழுந்து சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் உருண்டன. கட்டிய கணவரைக் கேலிப்பொருளாக்கினால் எந்த மனைவிக்குத்தான் பொறுக்கும்?

இனி மறைத்துப் பயனில்லை. மாப்பிள்ளை கூனிக் குறுகி மாமனார் முன்னால் போய் நின்றார். சமையலறைக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார். "மன்னிச்சிடுங்க மாமா. உங்க குறட்டையத் திருட்டுத்தனமா ரெக்கார்ட் பண்ணித்தான் பேய்க்கு வச்சேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. மாமனார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"நான் குறட்டையே விடறதில்ல மாப்ள. கல்யாணமான நாள்லேர்ந்து பழி மட்டும்தான் என்னுது."