ஹால் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அவள் நிச்சயமாக நலம்; என்னைப் பற்றி இதைப் படித்துவிட்டு நீயே சொல். போனில் சொன்னால் சிரிப்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்கேன் படிப்புக்குப் பரீட்சை வருகிறது, பழகிப் பார்க்க ஒரு கழுத்து வேண்டும் என்று விடுமுறைக்கு வந்த இடத்தில் நீ கேட்டாய். பெற்ற கடனுக்கு என் கழுத்தைக் கொடுத்தேன். ஜில்லென்று ஜெல்லைத் தடவி, அந்தக் குட்டி டாப்ளர் கருவியின் முனையை வைத்ததும் என் ரத்தம் ஸ்பீக்கரில் புயலாக வீசியதே, அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை. "அப்பா, தமனின்னா துடிக்கும், சிரைன்னா காத்து மாதிரி வீசும். அழுத்தினா சிரை மூடிக்கும், இறகு மாதிரி வைக்கணும்" என்று பாடம் வேறு நடத்தினாய். மூச்சை அடக்கச் சொன்னாய், சத்தம் நின்றது. விடச் சொன்னாய், வந்தது. அப்புறம் நீ கிளம்பிப் போய்விட்டாய். சத்தம் போகவில்லை.

ஆமாம், ஹால் சுவருக்குள் கேட்கிறது. குழாய்தான் என்று பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் சுவரில் காதை வைத்தார், எடுத்தார், என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், இந்தச் சுவத்துல குழாயே கிடையாது. தண்ணியும் இப்படி மூச்சு வாங்காது" என்றவர், கொண்டுவந்த ஸ்பானரைக்கூட இங்கேயே விட்டுவிட்டு ஓடிவிட்டார். சரி, சோதித்துத்தான் பார்ப்போமே என்று சுவருக்கு முன்னால் நின்று மூச்சை அடக்கினேன் பாரு, சத்தம் கப்பென்று நின்றது. விட்டேன், அதுவும் வந்தது. அது என் சொந்த ரத்தம்! கழுத்தை விட்டு அங்கே எப்படிப் போனது, எனக்குள் மிச்சம் எவ்வளவு இருக்கிறது? பயமாக இருக்கிறது, மகளே. உன் அம்மாவிடம் சொன்னால், "இத்தனை வருஷமா உங்க குறட்டையில தூங்கினவ நான், இதெல்லாம் எனக்குத் தாலாட்டு. தள்ளுங்க, பொண்ணு போட்டோவ அங்கதான் மாட்டணும், ஆணி அடிக்கப்போறேன்" என்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. பரீட்சையில் உன் கை நடுங்காமலிருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. சோபாவுக்குப் பின்னால் பார்த்தால் உன் டாப்ளர் கருவி! சார்ஜில் மாட்டி, ஆன் செய்தபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். முனை சுவரோடு ஒட்டிக் கிடந்தது. பேயுமில்லை பூதமுமில்லை, எல்லாம் உன் மறதிதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போய், அந்தச் சந்தோஷத்தில் ஜெல்லைத் தடவி, இறகு மாதிரி என் கழுத்தில் வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எங்குமே இல்லை. கருவி கெட்டுவிட்டதோ என்று அம்மா கழுத்தில் வைத்தேன், புயல். மறுபடி சுவரில் வைத்தேன், என் ரத்தம் அங்கே அருமையாக ஓடுகிறது. சுத்தியலை ஒளித்து வைத்துவிட்டேன். ஆனால் ஆணியைத் தட்ட பிளம்பரின் ஸ்பானரே போதும் என்று அம்மா நாற்காலியில் ஏறிவிட்டாள். சீக்கிரம் வா.