மாப்பிள்ளை சுட்ட கோழி

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்குக் காரணம் ஜாதகமும் இல்லை, சீர்வரிசையும் இல்லை, கோழி. அதைச் சுட்டவன் நான்.

எழுபதுகளில் நடந்தது. எங்களுக்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். பெண்ணுக்கு அச்சரப்பாக்கம். நிச்சயத்துக்கு முந்தின ஞாயிறு, மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணின் அப்பா, அண்ணன், அத்தை மூவரும் வந்தார்கள். பேசாமல் மீனே போட்டிருக்கலாம். அவர்களை அசத்த வேண்டும் என்று பண்ணைக்கோழி வாங்கி, கடற்கரையில் சவுக்குச் சுள்ளி மூட்டி நானே சுட்டேன். (கோழி சுடுவது அதுதான் முதல் தடவை என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை.) எங்கள் குப்பத்தில் மீன் சுடுகிற கணக்கு ஒன்றுதான்: தோல் கருகினால் உள்ளே வெந்துவிட்டது. கோழிக்கும் அதே கணக்கைப் போட்டேன். எலும்போரம் சிவப்பாக இருக்கிறதே என்று மாமனார் தயங்கியபோது, "அதான் மாமா ருசியே" என்று வேறு அடித்துவிட்டேன். மரியாதைக்காக மனிதர் முழுசாகத் தின்றார். கிருத்திகை விரதம் என்று அத்தையும் என் அம்மாவும் மட்டும் மோர்சோறு. பெண்ணுக்கென்று ஒரு தொடைக்கறியை இலையில் கட்டிக் கொடுத்தனுப்பினேன். காதலாம்!

இரண்டு நாள் எல்லோரும் நன்றாகத்தான் இருந்தோம். புதன்கிழமை நிச்சயத்துக்கு அச்சரப்பாக்கத்தில் போய் இறங்கும்போதே வயிற்றைப் பிசைந்தது. தட்டு மாற்றுவதற்குள் கொல்லைப்பக்கம் ஓடினேன். அங்கே மாமனார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கக்கூசுக்குள்ளே மச்சான்.

"அடுத்து நீங்க போங்க மாப்ள."

"ஐயோ, பெரியவங்க, நீங்க போங்க மாமா."

(அந்த மரியாதையில் என் பட்டு வேட்டி பட்ட பாட்டை எழுத முடியாது.)

கூடத்தில் அத்தை கத்திக்கொண்டிருந்தார். "தட்டு மாத்துற நேரத்துல ஆம்பளைங்க எல்லாம் சுருண்டுகினு கெடக்கறாங்க. இது இன்னா சகுனம்? இந்த சம்மந்தமே வாணாம்!"

என் அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண்ணை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். விட மனசே வரவில்லை.

அப்போது அந்தப் பெண், அலமேலு, நிச்சயப் புடவையில், வெளிறிய முகத்தோடு, சுவரைப் பிடித்தபடி உள்ளேயிருந்து வந்தாள்.

"எனக்குந்தான் வயித்தால போய்கினு கீது அத்தை. சகுனமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தக் கோழியத் தின்ன அத்தினி பேரும் படுத்துட்டோம். வெரதம்னு தின்னாத நீ நல்லா நின்னுகினு கத்தற. உள்ள பச்சையாத்தான் இருந்திச்சி, ஆசையாக் குடுத்தாரேன்னு தின்னேன். இவுருக்கு சமைக்கத் தெரில, அவ்ளோதான். அதுக்கு நான் கீறேன். சீக்கிரம் தட்ட மாத்துங்க, மறுபடியும் போவணும்."

ஊரே கூடியிருந்த கூடத்தில் என் மானத்தை வாங்கி என் கல்யாணத்தைக் காப்பாற்றினாள். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். இன்றுவரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கால்நடை மருத்துவம் படிக்கிற பேத்தி சமீபத்தில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு விளக்கம் சொன்னாள். அது கோழிக் குடலில் இருக்கிற கிருமியாக இருக்கும், பெயர் கேம்பைலோபாக்டர். பெரும்பாலும் கோழியை ஒன்றும் செய்யாது. நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். வேகாமல் தின்றால் சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். "அப்போ டாக்டருங்களுக்கே இதப் பத்தி அவ்வளவா தெரியாது தாத்தா" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேட்டியா அலமேலு? தப்பு என்னுது இல்ல, கிருமியுது."

"அது பாட்டுக்கு கோழிக்குள்ள சும்மா கெடந்துச்சி. எங்க அப்பாருக்கு ஊட்டி வுட்டது யாரு?"

இப்போதெல்லாம் வீட்டில் யாருக்காவது லேசாக வயிறு கலங்கினாலும், மருந்தைத் தேடுவதற்கு முன்னால் பேத்தி கேட்பது ஒன்றுதான்: "தாத்தா இன்னா சமைச்சாரு?"