பத்து கஜத்துக்கு முப்பத்தொரு வருடம்

ஆட்ட விதிகளை மாற்றக் கோரி மாநிலக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். உணவக மேசையைச் சுற்றி இருந்ததோ ஆறு பேர், ஆறு விதிகள்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கான பள்ளி ரசிகர் சங்கத்தின் செயலாளர் டெல்வின் அசரவில்லை. ஒரு சங்கம் ஒரு விதியைத்தான் மாற்றச் சொல்லலாம். தபால் வண்டி நண்பகலில் கிளம்பிவிடும். அதற்குள் தன் விதி போயாக வேண்டும்.

எதிராளியைப் பிடித்து இழுத்தால் பத்து கஜம் பின்னால் போகவேண்டும், எடுத்த புள்ளியும் ரத்து. பந்து இருக்கும் பக்கமே போகாமல் எங்கோ ஒரு மூலையில் இழுத்தால்கூடவா? அதைத்தான் மாற்றச் சொன்னான்.

பாவம், அவனுக்கு அது சொந்தக் காயம். பதினேழு வயதில், இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், தோழன் பந்தை அணைத்தபடி ஓடிப் புள்ளிக் கோட்டைத் தாண்டிவிட்டான். தப்பாட்டம் என்று நடுவர் எறியும் மஞ்சள் கொடி டெல்வின் காலடியில் விழுந்தது. கோப்பை போயிற்று. யாரையும் தொடவே இல்லை என்று அவன் செய்யாத சத்தியம் இல்லை. நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊர் கேட்டால்தானே? அன்றிலிருந்து அவன் பெயர் 'பசைக்கை'. கல்யாண கேக்கில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது.

மேசையில் பக்கத்தில் இருந்த லாயிடின் ஓட்டுக்காக அவர் விதியையும் சேர்த்துக்கொண்டான்: புள்ளி எடுத்த சந்தோஷத்தில் ஆடினால் தண்டனை கூடாது.

எதிரே இருந்த மார்செல்லா முறைத்தாள். "இவரு பேரன் இடுப்ப ஆட்டுறதுக்கு ஒரு விதி. எங்க விதியெல்லாம் என்ன, கிள்ளுக்கீரையா?"

அவளுடையதையும் சேர்த்தான். மற்ற மூவருக்கும் ரோஷம் வந்தது. பத்தே நிமிடத்தில் அந்த ஒரு வரி இடத்தில் ஆறு விதிகள் எறும்பு மாதிரி மொய்த்தன. தன் விதி எதுவென்று டெல்வினுக்கே தெரியவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளை எடுத்து ஓட்டெடுப்பு வைத்தான். அவன் விதிக்கு மூன்று. லாயிடின் விதிக்கும் மூன்று.

"மூலையில இன்னொரு ஓட்டு உக்காந்திருக்கு," என்றாள் உணவகத்துக்காரி லவோன்.

மூலையில் ஓரின், சங்கத்தின் ஆயுள் உறுப்பினர், அந்த ஊர் வழக்கப்படி பீன்ஸ் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். எண்பத்து நான்கு வயது. அன்று கொடி எறிந்த நடுவர் அவர்தான். டெல்வின் அவர் முகத்தைப் பார்த்துப் பேசி முப்பத்தொரு வருடம்.

மணி பதினொன்றே முக்கால். வீம்பை விழுங்கிக்கொண்டு எழுந்து போனான்.

"ஐயா, உங்க ஓட்டு எனக்கு வேணும். நீங்க தப்பு பண்ணினீங்கன்னு சொல்ல வரல. விதிதான் தப்பு."

"நீதான் தொடவே இல்லன்னு சொல்லிட்டு இருந்தியே?"

டெல்வின் திரும்பிப் பார்த்தான். உணவகமே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. போகட்டும், விதி மாறினால் சரி.

"இழுத்தேன்," என்றான். "ரெண்டு கையாலயும். நீங்க சரியாத்தான் பாத்தீங்க."

ஓரின் வாயைத் துடைத்துக்கொண்டு அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நான் எங்கப்பா பாத்தேன்? தும்மல் வந்துச்சு, கைக்குட்டைன்னு நெனச்சுக் கொடிய உருவிட்டேன். விழுந்தப்புறம் ஏதாவது சொல்லணுமே, எதிர்ல உன் சட்டை நம்பர்தான் தெரிஞ்சுது."