பருந்து போட்ட விடை

"கப்பலுக்குத் துறைமுகம்னா, காருக்கு நிறுத்துமிடமாம். யாரும்மா இந்த விடையைப் போட்டது?"

முத்லக் மகளின் ஃபோனை எட்டிப் பார்த்துக் கேட்டார். சவூதியின் ஹாயில் ஊரில் இருபத்தெட்டு வருஷமாக அரபு இலக்கணம் நடத்துகிறவர். தப்பாகச் சொன்ன பையன் சரியான விடையைப் பத்துத் தடவை எழுதாமல் வீட்டுக்குப் போனதில்லை. அவர் பெற்ற மகள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் மொழிப் பகுதிக்கு இந்த லட்சணத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"பருந்து போட்டது, வாப்பா," என்றாள் ரனீம்.

"பருந்தா?"

"எங்க குரூப் அட்மின். தேர்வு தினமும் நடக்குதுல்ல, எழுதிட்டு வர்ற பொண்ணுங்க ஞாபகத்துல இருக்குற கேள்வியையெல்லாம் திரட்டி, விடையோட ஃபைல் போடும். ஊரே அதைத்தான் படிக்குது."

"அந்த ஆளு யாரு?"

"பேரு, நம்பர் எதுவும் தெரியாது."

"முகம் தெரியாத பறவையை நம்பியா டாக்டராகப் போறே?"

ரனீமுக்கு இது கடைசி வாய்ப்பு. போன தடவை எழுபத்தொன்று. மருத்துவத்துக்குக் குறைந்தது எண்பத்தைந்து வேண்டும். தேர்வுக்கு இன்னும் ஐந்தே நாள்.

"அவ போக்குல விடுங்களேன்," என்றாள் மனைவி வத்ஹா, ஒரு கையில் ஃபோனும் ஒரு கையில் காபிக் கூஜாவுமாக.

"உனக்கு இதுல என்ன தெரியும்? போன தடவை தேர்வு மையத்து வாசல்ல நின்னு, வெளிய வந்த பொண்ணுங்களுக்கெல்லாம் காபியும் பேரீச்சம்பழமும் குடுத்து ஊர்க்கதை பேசினவதானே நீ?"

வத்ஹா அவருக்கும் ஒரு கிண்ணம் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அன்று மதியமே முத்லக் பதினேழு வயதுப் பையனாக வேஷம் கட்டிக் குரூப்புக்குள் நுழைந்தார். கப்பலுக்குத் துறைமுகம் என்றால் பயணிக்குத் தாயகம் என்பதே பொருத்தம் என்று மூன்று பக்கத்துக்கு விளக்கினார். ஒருவன் கொட்டாவி விடும் பொம்மையை அனுப்பினான். இன்னொருத்தி, "தாத்தா, போய்ப் படுங்க," என்றாள். முத்லக்குக்கு ஒரு நிமிஷம் மூச்சே வரவில்லை. அது திரும்பி வருவதற்குள் பருந்து அவரை வெளியே தள்ளியிருந்தது.

மறுநாள் தம்பியின் ஃபோனிலிருந்து போனார். இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை, மறுபடியும் வெளியே.

மூன்றாம் நாள், ரனீம் தொழப் போன நேரம் பார்த்து அவள் ஃபோனை எடுத்தார். இந்த முறை நான்கு பக்கம்.

தொழுதுவிட்டு வந்தவள் ஃபோனைப் பார்த்து வெளிறிப்போனாள். "வாப்பா, என்னைத் தூக்கிட்டாங்க. இன்னிக்குத்தான் கடைசி ஃபைல் வருது."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. முத்லக் ஆடிப்போனார். சைக்கிளிலிருந்து விழுந்து பல் உடைந்தபோதுகூட அவள் இப்படி அழுததில்லை.

மாடிக்குப் போய்ப் பருந்துக்குத் தனியாக எழுதினார்: "தவறு என்னுடையது. என் மகளுக்கு இதில் சம்பந்தமில்லை. அவளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்."

உடனே பதில் வந்தது: "காருக்கு நிறுத்துமிடம் என்று பத்துத் தடவை எழுதி அனுப்பவும்."

முத்லக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அதேதான். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் தண்டனை கொடுத்திருக்கிறாரே தவிர வாங்கியதில்லை. கீழே ரனீம் விசும்புவது கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். ஒன்பதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கும் மானம் என்று ஒன்று உண்டு, பருந்து என்ன எண்ணிக்கொண்டா இருக்கப்போகிறது?

பத்து நிமிஷத்தில் ரனீம் குரூப்பில் இருந்தாள். மாடியில் நடந்ததை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

முடிவு வந்த அன்று வீடே அதிர்ந்தது. தொண்ணூற்று மூன்று.

"கப்பல் கேள்வியும் வந்துச்சு, வாப்பா."

"என்ன போட்டே?"

"நிறுத்துமிடம்தான். சரியாத்தானே மார்க் வந்திருக்கு?"

முத்லக் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்படியோ, வீட்டுல ஒரு அரபு வாத்தியார் இருந்தா சும்மாவா?"

"பருந்துக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும்."

"அந்தத் திமிர் பிடிச்ச பறவைக்கு எதுக்கு நன்றி?"

வத்ஹா அவர் கிண்ணத்தில் நிதானமாகக் காபி ஊற்றினாள்.

"பத்துத் தடவைன்னு சொல்லியும் ஒன்பதுதான் எழுதியிருந்தீங்க. புள்ள அழறாளேன்னுதான் சேத்துக்கிட்டேன்."